அம்மா பிறகு

கோண்டாவில்,
மார்கழி, திருவெம்பாக் காலம்

அன்பின் வசந்தி,

ஐப்பசியில நீ போட்ட கடிதத்துக்கு இப்பத்தான் பதில். ஏசு, கேட்டுக்கொண்டிருக்கிறன். இஞ்ச எல்லாரும் சுகம். மாமிக்கு முழங்கால் வழமைபோல. சரோ ரீச்சரின்ர மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. நீ நினைக்கிற அதே இடம்தான், சிரிக்காதை.

தையில மாற்றலாகி வாறன், பிள்ளையளுக்கு ஆர் டொக்டர் எண்டு கேட்டிருந்தாய். "எங்கட ஆள்தான், வேற ஆர்?" எண்டு எழுத வெளிக்கிட்ட கிழமைதான் தெரிஞ்சது, அவர் குடும்பத்தோட அவுஸ்திரேலியாவுக்குப் போட்டார் எண்டு. பதினொரு வருசமடி! மூத்தவனை மஞ்சளெண்டு லைற்றுக்குக் கீழ வைச்ச நாளிலயிருந்து அவர்தான். சின்னவளுக்கு டெங்குக் காய்ச்சல் காயேக்க, "பனடோலைத் தவிர வேற காய்ச்சல் மருந்து ஒண்டும் வேண்டாம், புரூபனைத் தொடவே தொடாதேங்கோ" எண்டு இரவு பதினொரு மணிக்குப் போனில சொன்ன மனுசன். 2022க்குப் பிறகு டொக்டர்மார் போறதைப் பேப்பரில வாசிச்சு உச்சுக்கொட்டினனாங்கள்தான். எங்கட ஆளும் போவார் எண்டு நினைக்கேல்லை. எனக்குக் கோவம். "அவருக்கும் பிள்ளையள் இருக்குத்தானே" எண்டு இவர் சொல்ல, இவரிலயும் கோவம்.

பிறகு தேடல். பக்கத்து வீட்டு அக்கா ஒரு பேரைச் சொன்னா. காசு கட்டிச் சனல் பண்ணி, நம்பர் நாற்பத்திமூண்டு. பின்னேரம் நாலரைக்குப் போய்க் குந்தினது, ஒன்பது மணிக்குக் கூப்பிட்டிச்சினம். கதிரையில இருந்து நான் முந்தானையைச் சரிசெய்யிறதுக்குள்ள ஐஞ்சு மருந்து எழுதி முடிஞ்சுது. பாமசிப் பொடியன் துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பவும் துண்டைப் பார்த்தான். அதோட அந்த இடம் முடிஞ்சுது.

மழை தொடங்கின பிறகு, ரெண்டு வருசமா முட்டு (ஆஸ்மா) இருக்கிற மூத்தவனுக்கு இரவில இருமல். தடிமன் எண்டு நினைச்சுக் கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தன். போன கிழமை விடிய நாலு மணி, கோயில்ப் பக்கம் சங்கூதிக்கொண்டு போறாங்கள், இவன் கட்டிலில குந்தியிருந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிறான். நெஞ்சுக்குள்ள விசில். ஓட்டோ பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினம். மூச்சுக்கு மருந்துப் புகை பிடிச்சு, ஒரு இரவு வைச்சிருந்து, கிளினிக்குக்குத் திகதி போட்டு விட்டினம்.

அந்தக் கிளினிக் கதையைச் சொல்லத்தான் இவ்வளவும். டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, எங்கட கடைசித் தங்கச்சியின்ர வயசிருக்கும். எப்ப தொடங்கினது, எத்தினை தரம் எண்டு நான் மூச்சுவிடாமல் சொல்லுறன். அவ கையைக் காட்டி, அந்தத் தத்தித் தத்தி வாற தமிழில, "அம்மா பிறகு. தம்பி சொல்லுங்க" எண்டா.

வசந்தி, அவன் சொன்னானடி. பள்ளிக்கூடத்தில ஓட ஏலாதாம், பி.ரி. பாடத்துக்குக் கால் நோகுது எண்டு சொல்லிட்டு வேப்பமரத்துக்குக் கீழ இருக்கிறவனாம். நான் கால் நோவெண்டு நம்பி ஒரு மாசமாச் சித்தாலேப பூசினனான்! நாளும் இழுக்கவேண்டிய மண்ணிறப் பம்பை ஆவணியோட விட்டிட்டானாம். பழகினால் பிறகு சாகும்வரை விடேலாது எண்டு அப்பம்மா சொன்னவவாம். முட்டு வரேக்க மட்டும் நீலப் பம்பை அடிக்கிறதாம். "அடிச்சுக் காட்டுங்க" எண்டா. காட்டினான். ஸ்பேசர் எண்ட, பம்மில பூட்டுற பிளாஸ்ரிக் குடுவை இல்லாமல், வாயைத் திறந்து, நாக்கில ரெண்டு தரம். மருந்து எல்லாம் வயித்துக்குள்ள.

அவ ஏசேல்லை. முட்டு இல்லாத நாளிலயும் மண்ணிறம் போடவேணும், அதுதான் மூச்சுக்குழாயின்ர வீக்கத்தை அடக்கி வைக்கிறது, நீலம் அந்த நேரத்துக்கு மட்டும், பழகிப்போற மருந்து ரெண்டும் இல்லை எண்டா. போட்ட பிறகு வாய் கொப்பளிக்க வேணும். ஸ்பேசரைக் கழுவித் தானாக் காய விடவேணும், துணியால துடைச்சால் மருந்து பிளாஸ்ரிக்கில ஒட்டிக்கொள்ளுமாம். நான் ரெண்டு வருசமாப் பளபளவெண்டு துடைச்சு வைச்சனான்.

வீட்டை வந்து குசினிக்குள்ள நிண்டு அழுதன். முட்டுக்காக இல்லை. பத்து நிமிசம் முன்னம் கண்ட ஆளுக்குச் சொன்னதை எனக்கு ஏன் சொல்லேல்லை? கேட்டன். "நீங்கள் கேட்டனீங்கள், பிறகு நீங்களே பதிலும் சொன்னனீங்கள்" எண்டான். பதினொரு வயசு!

தமிழ் தெரியாத டொக்டர் எப்பிடி எண்டு மாமி தொடங்க, இவர் உடன மானிப்பாய்க் கதைக்குப் போட்டார்: 1847 இல வந்த அமெரிக்க மிஷனரி கிறீன் தமிழ் படிச்சு, வைத்தியப் புத்தகங்களைத் தமிழாக்கி, தமிழிலேயே டொக்டர்மாரை உருவாக்கினவராம். உனக்குத் தெரியும், இவரைத் தொடங்க விட்டால் சோறு ஆறிப்போம். ஆனால் மாமி வாயை மூடினா, அது வாஸ்தவம்.

நீ வரேக்க பிள்ளையளின்ர கிளினிக் கொப்பி, டிஸ்சார்ஜ் பண்ணேக்க தந்த காட், பழைய துண்டுகள் எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் கொண்டு வா. எங்கட டொக்டர் போகேக்க எங்கட பதினொரு வருசமும் அவரின்ர தலைக்குள்ள போட்டுது; என்னட்ட இருந்தது சொப்பிங் பையில பாதித் துண்டுகள். உன்ர மூத்தவள் ஆறாம் வகுப்பெண்டபடியா கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் போடுற எச்.பி.வி. ஊசிக்கு அலையாதை, பள்ளிக்கூடத்திலயே போடுவினம்.

அந்த டொக்டரை உனக்குக் காட்டலாம், ஆனால் அவவுக்கும் எப்ப இடமாற்றம் வருமோ. எங்களைப்போல அவவுக்கும் ஊர் இருக்கும்.

இப்ப வீட்டில நான் வாயைத் திறந்தால் ரெண்டும் சேர்ந்து "அம்மா பிறகு!" எண்டு கத்துதுகள். இவரும் பழகிட்டார். அடுத்த கிளினிக் மாசியில. என்னை வெளியில வாங்கில இருக்கட்டாம், தான் தனிய உள்ள போறானாம்.

மட்டக்களப்புத் தயிர்ச் சட்டியை மறந்திடாதை. போனமுறை மாதிரி பஸ்ஸுக்குள்ள கவிழ்த்துப்போட்டு அண்ணையில பழி போடாதை.

அன்புடன்,
உன்ர சாந்தி