வேர்ப்பொடி வாங்கிய மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். போனில் ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். உனக்கு பிபி 164/102 என்று மருமகள் சொன்னாள். டாக்டர் எழுதிக் கொடுத்த அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறதாம். நீ ஆன்லைனில் சர்ப்பகந்தா வேர்ப்பொடி வாங்கிக் காலையில் ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிக்கிறாயாம். கேட்டால், "இயற்கை மருந்து, பக்க விளைவே கிடையாது" என்கிறாயாம்.

அந்த வேரை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். வடக்கே அதைப் பைத்தியத்துக்குக் கொடுக்கும் மருந்து என்றே காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். ரத்த அழுத்தமும் அதில் இறங்குகிறது என்று கல்கத்தாவில் சென், போஸ் என்ற இருவர் 1931இலேயே எழுதினார்கள். வெளிநாட்டில் யாரும் சட்டை செய்யவில்லை. அந்தக் காலத்தில் பிபிக்கு உருப்படியான மாத்திரையே கிடையாது என்பதையும் யோசித்துப் பார். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தாரே, அன்று அவருக்கு 300/190. பக்கத்திலேயே இதய நிபுணர் இருந்தும் கொடுக்க மருந்து இல்லை.

பம்பாயில் இதய மருத்துவராக இருந்த ருஸ்தம் ஜால் வகீல்தான் இந்த வேரை முறையாகச் சோதித்தவர். 50 நோயாளிகள். வேரை மாத்திரையாக்கி அளவாகக் கொடுத்து, முன்னும் பின்னும் அழுத்தத்தைக் குறித்து, 1949இல் 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் வெளியிட்டார். பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் என்ற டாக்டர் அதைப் பார்த்துத் தன் நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனிக்காரர்கள் வேரிலிருந்து அழுத்தத்தை இறக்கும் சத்தான ரெசர்பினைத் தனியாகப் பிரித்தார்கள். வகீலுக்கு 1957இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருது கிடைத்தது.

பக்க விளைவே இல்லை என்கிறாயே, நர்ஸாக இருந்தபோது ரெசர்பின் கலந்த மாத்திரையை வார்டில் என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். மூக்கு அடைத்துக்கொள்ளும், நாடித்துடிப்பு குறையும். ஒரு நெசவுக்காரர், வாய் ஓயாமல் பேசுகிறவர், பிபி நன்றாக இறங்கிவிட்டது. ஆனால் மனுஷன் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் சம்சாரம், "பிரஷரோட சேர்த்து ஆளையும் இறக்கிட்டீங்களே சிஸ்டர்" என்றாள். நரம்பு நுனிகளில் இருக்கும் ரசாயனத்தையே வற்ற வைக்கிற மருந்து அது. மூளையை மட்டும் விட்டுவைக்குமா? மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு இருந்தும் இந்தப் பாடு. உன் ஸ்பூன் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? வேருக்கு வேர், மண்ணுக்கு மண் மாறும்.

இதையும் கேள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில் 143 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 1967இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் கீழ் அழுத்தம் 115 முதல் 129 வரை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 4 பேர் இறந்தார்கள்; மருந்து சாப்பிட்டவர்களில் ஒருவரும் இல்லை. அந்த மருந்துகளில் உன் வேரின் ரெசர்பினும் ஒன்று! ஆக வேரின் குணத்தில் சந்தேகமில்லை. அதைவிடத் தொந்தரவு குறைந்த மருந்துகள் வந்த பிறகு டாக்டர்களே அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். நீ 1949க்குத் திரும்பிப் போக வேண்டுமா?

தலைவலி, மயக்கம் ஒன்றுமில்லையே என்பாய். ஒன்றும் தெரியாமலே இதயத்தின் இடது அறைச் சுவர் தடித்துப்போகும், சிறுநீரில் புரதம் இறங்கும்.

நாளைக்கே டாக்டரைப் பார். பொடி எத்தனை நாள் குடித்தாய் என்பதை மறைக்காதே, நீயாக இரண்டையும் சேர்த்தும் போடாதே. அம்லோடிபினில் கால் வீங்கினால் அவரிடம் சொல், வேறு மாற்றித் தருவார். வீட்டில் பிபி பார்க்கும்போது காபி குடித்த கையோடு பார்க்காதே. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார், காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்று, கையை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் வை, வாயைத் திறக்காதே. இரண்டு முறை பார்த்து இரண்டையும் எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. குறைவாக வந்ததை மட்டும் அனுப்புகிற வேலை வேண்டாம், மருமகளிடம் கேட்டுக்கொள்வேன்.

அப்பா உனக்கென்று கருவாடும் நார்த்தங்காய் ஊறுகாயும் பார்சல் கட்டி வைத்திருந்தார். பிரித்து எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அம்மா