சரிவில் கிடக்கும் அயினித் தடிகள்

அருமனை

பிரியமுள்ள மக்கா,

சரிவில் கிடக்கும் அயினித் தடிகளை, அதாவது காட்டுப்பலாத் தடிகளை, அறுக்க மிஷின் வாங்கட்டுமா என்று கேட்ட உன் கடிதமும், உள்ளே வைத்திருந்த மிஷின் படமும் கிடைத்தன. அதற்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. இதை வாசித்துவிட்டு முடிவு செய்.

இங்கே விடாத மழை. ரப்பர் பால்வெட்டு நின்றுபோய்க் கிடக்கிறது. அம்மை சுகமாக இருக்கிறாள். உன் பெயரைச் சொன்னதும் "வெள்ளறடைக்காரன் வீடு பால்காச்சியாச்சா?" என்றுதான் கேட்டாள். மரம் அறுக்கவே இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றேன்.

சரி, மிஷினுக்கு வருகிறேன். கொண்டுபோய் வைத்து அறுக்கிற மிஷின்களில் மலிவானவை இரண்டு வகை. ஒன்று, செயின்சாவில், அதாவது இஞ்சினில் ஓடும் சங்கிலி வாளில், மாட்டுகிற இரும்புச் சட்டம். அலாஸ்கன் மில் என்பார்கள். தடி கிடக்கிற இடத்திலேயே அதன் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். மற்றது பேண்ட்சா. தண்டவாளம் மாதிரி ஒரு படுக்கை, அதில் தடியைக் கிடத்தி, பட்டை வாள் ஓடும் தலையைத் தள்ளி அறுப்பது. அமெரிக்காவின் வுட்மைசர்காரர்கள் 1982 முதல் செய்வது இந்த வகை. நீ அனுப்பிய படத்தில் இருப்பதும் இதுதான், வேறு யாரோ செய்த மலிவு நகல்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தூளில் இருக்கிறது. செயின் ஒரு ஓட்டத்தில் 8, 9 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். பட்டை வாளுக்கு இரண்டரை மில்லிமீட்டர் போதும். 12 அங்குலம் சதுரித்த தடியை ஒரு அங்குலப் பலகையாக அறுத்தால் பட்டை வாளில் 11 கிடைக்கும், செயினில் 9தான். இரண்டு அயினிப் பலகை தூளாகப் போகிறது என்றால் யாருக்கும் வயிறு எரியும். அதனால்தான் உனக்கும் பேண்ட்சா மேல் ஆசை வந்திருக்கிறது.

ஆனால் உன் தடிகளை நினைத்துப் பார். அயினி நாலும் ஆறடிச் சுற்றளவுக்குக் குறையாது என்கிறாய். பதினைந்து அடி நீளம் வைத்தால், சுற்றளவில் கால்பங்கு ஒன்றரை அடி, ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கி நீளத்தாலும் பெருக்கினால் ஒரு தடிக்கு 33.75 கன அடி. நம்மூர்க் கணக்கு இது. உண்மையான கன அளவு இதைவிடக் கூடும். குறுக்களவு கிட்டத்தட்ட 23 அங்குலம், அடிமரத்தில் இன்னும் அதிகம். சிறிய பேண்ட்சாக்களின் எல்லையே 24, 26 அங்குலம்தான். அதோடு பச்சைத் தடி ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். அந்தச் சரிவில் அதை உருட்டிப் படுக்கையில் ஏற்ற ஜேசிபி வேண்டும், அது வர வழி வேண்டும். இதெல்லாம் விலைப்பட்டியலில் இருக்காது.

நான் சொல்வது இதுதான்: அறுப்பை இரண்டாகப் பிரி. கிடக்கிற இடத்திலேயே செயின்சா சட்டத்தை வைத்து நாலைந்து அங்குலக் கனத்தில் பெரிய பாளங்களாகப் பிள. ஒரு தடிக்கு நாலைந்து ஓட்டம்தான், தூளும் அவ்வளவுதான். அந்தப் பாளத்தை நாலைந்து பேர் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவரலாம், கனத்த அடிமரப் பாளத்துக்கு இன்னும் இரண்டு தோள் சேரட்டும். பிறகு பக்கத்து மரமில்லில் பேண்ட்சாவில் கொடுத்து மெல்லிய பலகையாக அறுத்துக்கொள். கதவு நிலைக்கும் ஜன்னலுக்கும் வேண்டிய சட்டம் பாளத்திலேயே வந்துவிடும்.

செயின்சா 90 சிசிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஹஸ்க்வர்னா 395, ஸ்டில் 661 மாதிரி. கிளை வெட்டுகிற சின்னதை வைத்து நீளவாக்கில் அறுத்தால் இஞ்சின் சூடேறி ஒரே சீசனில் போய்விடும். செயினும் வேறு. சாதாரணச் செயின் பல்லின் மேல்முனை 30 பாகை சாய்ந்திருக்கும், அது குறுக்கே வெட்ட. நீள அறுப்புக்கு 10 பாகையாகத் தீட்டிய ரிப்பிங் செயின் கேட்டு வாங்கு. முதல் ஓட்டத்துக்குத் தடியின் மேல் நேரான அலுமினிய ஏணியைக் கட்டிக்கொள், சட்டம் அதன் மேல் ஓடட்டும். முதல் ஓட்டம் வளைந்தால் கடைசிப் பலகை வரை வளையும். தூளைக் கையில் எடுத்துப் பார்: சிறு செதிலாக வந்தால் பல் கூர்மையாக இருக்கிறது, மாவாக வந்தால் உடனே நிறுத்தித் தீட்டு. மரத்தின் பிசின் பிடித்தால் டீசல் தொட்டுத் துடைக்க வேண்டும். வீட்டுப் பக்கத்து மரம் என்றால் உள்ளே ஆணியோ கொடிக்கம்பியோ இல்லாமல் இராது, சின்ன மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கிவிடு. காதுக்கு மூடி இல்லாமல் தொடவே தொடாதே மக்கா, இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

பேண்ட்சாவைத்தான் வாங்குவேன் என்றால் ஒரு வழி இருக்கிறது. 2017இல் ஒக்கி புயல் அடித்தபோது எவ்வளவு ரப்பரும் அயினியும் சாய்ந்து விறகு விலைக்குப் போனது என்று உனக்கே தெரியும். அண்டை அயலில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வாங்கினால் அர்த்தம் உண்டு. அப்போதும் குதிரைத்திறனை முதலில் பார்க்காதே. படுக்கையில் நூல் பிடித்துப் பார், ஒரு கனமான ஆள் ஏறி நின்றால் தாழ்கிறதா என்று பார். வாளை இழுத்து இறுக்கும் அமைப்பு உறுதியாக இல்லாவிட்டால் கணு வருகிற இடத்தில் வாள் முங்கி எழும், பலகை அலையாக வரும். அந்த அளவு வாள் மார்த்தாண்டத்தில் கிடைக்குமா, தீட்ட ஆள் உண்டா என்று விசாரித்துவிடு. படத்தில் உள்ள மிஷினின் படுக்கைக் கம்பியைப் பார்த்தாலே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அரசாங்கச் சட்டத்தையும் மறக்காதே. நீலகிரியின் கூடலூர்க் காடுகளுக்காக நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் மரமில்கள் மேல் பிடி இறுகியது. உன் வெள்ளறடை கேரளத்தில் இருக்கிறது, அங்கே மரமில்லுக்கு லைசென்ஸ் வேண்டும். சக்கரம் வைத்த மிஷின், சொந்த மரம் என்பதால் விட்டுவிடுவார்கள் என்று நீயாக முடிவு செய்யாதே. வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் மனு கொடுத்துப் பதிலை எழுத்தில் வாங்கு. எல்லையிலுள்ள பனச்சமூடு தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் அறுக்கக் கொண்டுவருவதாக இருந்தால், மரம் கொண்டுபோகும் பாஸ் விஷயத்தையும் அதோடு கேள்.

இப்போதைக்குத் தடிகளின் இரண்டு முனையிலும் பெயிண்ட் அடித்து வை, வெடிப்பு குறையும். அடியில் கல் கொடுத்து மண்ணிலிருந்து தூக்கிவிடு. அறுத்த பிறகு இரண்டடிக்கு ஒரு குச்சி வைத்து, வெயில் படாத கூரையின் கீழ் அடுக்க வேண்டும். ஒரு அங்குலக் கனம் காய ஒரு வருஷம் பிடிக்கும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால் அறுத்து அடுக்கிவிட்டால் நல்லது. அதனால் வீட்டு வேலையில் கதவு ஜன்னலைக் கடைசிக்குத் தள்ளு.

ஒவ்வொரு தடியையும் நடுவில் சுற்றளவு பிடித்து, நீளத்தோடு எழுதி அனுப்பு. மழை வெறித்ததும் நானே வருகிறேன். பாளம் எந்தப் பக்கமாகப் பிளப்பது என்று தடியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இங்கே பழைய அறுப்புக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரையும் கூட்டி வருகிறேன். எதற்கும் ஏணியை இப்போதே சொல்லி வை, இருபதடி நீளம் வேண்டும்.

அன்புடன்,
உன் கூட்டுக்காரன்