ப்ளூயி கேமுக்குப் போட்ட புள்ளி யாருடைய புள்ளி?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் சிறுவர் பக்கத்தில் ‘ப்ளூயி: த வீடியோகேம்’ பற்றி வெளியான குறிப்பை வாசித்தோம். வெளிநாட்டு விமர்சகர்கள் அந்தக் கேமைக் கழுவி ஊற்றிவிட்டார்கள், ஆகவே பெற்றோர் காசைக் கொட்டவேண்டாம் என்பதுதான் அதன் சாரம். வாங்கவேண்டாம் என்பதில் எங்களுக்கும் பெரிதாக மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் தவறு. சொல்லவேண்டிய காரணங்களோ குறிப்பில் வரவேயில்லை.

முதலில் கேமைப் பற்றி. ப்ளூயி கார்ட்டூன் பிரிஸ்பேனில் உள்ள லூடோ ஸ்டூடியோவின் தயாரிப்பு. 2018 இல் அவுஸ்திரேலியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதை வைத்து ஆர்டக்ஸ் கேம்ஸ் செய்த இந்தக் கேமை, அவுட்ரைட் கேம்ஸ் 2023 நவம்பரில் 40 டொலர் விலையில் வெளியிட்டது. நான்கு பேர் ஒரே திரையில் சேர்ந்து விளையாடலாம். கார்ட்டூனில் இருக்கும் வீடும் கடற்கரையும் அப்படியே வருகின்றன, குரல்களும் அதே குரல்கள். இவற்றை விமர்சகர்கள் பலர் பாராட்டினார்கள். குறை சொன்னது மூன்று விடயங்களில்: நான்கே அத்தியாயங்கள் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடுகின்றன, அதற்கு 40 டொலர் அதிகம், இடையிடையே கேம் குழம்பிப்போகிறது.

தங்கள் குறிப்பு முதலாவது குறையைத்தான் தலைப்பாக்கியிருந்தது. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளோடு நாள் முழுவதும் இருப்பவர்கள் என்ற வகையில் சொல்கிறோம்: ஐந்து வயதுப் பிள்ளைக்கு நீளம் குறைவாக இருப்பது ஒரு குறையே இல்லை. அந்த வயதில் ஒரே கதையைப் பத்துத் தடவை சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். பதினோராவது தடவை ஒரு சொல்லை மாற்றினால் திருத்துகிறார்கள். கேமிலும் அப்படித்தான். ஒரு அத்தியாயம் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தால், நிறுத்தச் சொல்லும் பெற்றோருக்கு அது பெரிய உதவி. “இது முடிந்ததும் வைத்துவிடு” என்று சொன்னால் பிள்ளைக்கும் புரியும். முடிவே இல்லாத கேமில் அந்த வாசகம் எடுபடாது. விமர்சகரோ பெரியவர், வேலைக்காக ஒரே மூச்சில் விளையாடி முடிப்பவர். அவருக்கு ஒன்றரை மணித்தியாலம் என்றால் ஒன்றரை மணித்தியாலம்தான்.

விலைக் குறை நியாயமானது. அதை நம் கணக்கில் சொல்லியிருக்கவேண்டும். டொலருக்கு 300 இலங்கை ரூபா என்று வைத்தால் 12,000 ரூபா. 2024 இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஆக, கிட்டத்தட்ட ஒன்பது நாள் தேயிலைக் கொழுந்து பறித்த சம்பளம். கேமை ஓட்டுகிற கருவியின் விலை இதில் சேரவில்லை.

மூன்றாவது குறைதான் சிறுவர் கேமில் எல்லாவற்றையும்விடப் பெரியது. குறிப்பில் அது ஒரு வரிகூடப் பெறவில்லை. கேமில் பாத்திரம் ஒரு மூலையில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் பெரியவர் மெனுவுக்குப் போய் மறுபடி தொடங்குவார். பிள்ளை அப்படிச் செய்யாது. தான்தான் ஏதோ பிழையாக அழுத்திவிட்டதாக நினைத்து அதே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தும். பிறகு முகம் வாடும், கொன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடும். மெனுவில் இருப்பது ஆங்கில எழுத்து. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அது வெறும் கோடு. இன்னொன்றும் உண்டு. இப்படியான கேம்கள் சில இடங்களில் மட்டும் தாமாகச் சேமித்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு வருமுன் மூடினால் விளையாடியது வீண். காற்றுக் காலத்தில் மரக்கிளை விழுந்து கரண்ட் போவது இங்கே புதிதல்ல. சேமிப்பு அடையாளம் திரையில் சுழன்றுகொண்டிருக்கும்போது கரண்ட் போனால், சேமித்த கோப்பே பழுதாகிவிடும் வாய்ப்பும் உண்டு. ஆகவே சேமிப்புப் புள்ளிகளுக்கு இடையில் எவ்வளவு நேரம் என்பது மலையகத்து வாசகருக்குப் பயன்படும் செய்தி.

கமெரா பற்றியும் சொல்லவேண்டும். கேமில் இடது பெருவிரலால் நடக்கவேண்டும், வலது பெருவிரலால் பார்வையைத் திருப்பவேண்டும் என்றால் நான்கைந்து வயதுப் பிள்ளைகளில் பலருக்குக் கை ஒத்துழைக்காது. நடக்கும்போது திருப்ப மறப்பார்கள், திருப்பும்போது நின்றுவிடுவார்கள். அதே அவுட்ரைட் கேம்ஸ் 2021 இல் வெளியிட்ட ‘மை ஃப்ரெண்ட் பெப்பா பிக்’ கேமும் சின்னக் கேம்தான். ஆனால் அதில் கட்டுப்பாடு மிக எளிது, தோற்பது என்ற பேச்சே இல்லை. விமர்சகர்கள் அதற்குக் காட்டிய பரிவு ப்ளூயிக்குக் கிடைக்காமல் போனதற்கு விலையும் குழப்பங்களும்தான் காரணம், நீளம் மட்டுமல்ல.

பெட்டியின் மூலையில் இருக்கும் ‘பெகி 3’ முத்திரையைத் தங்கள் குறிப்பு “மூன்று வயதுப் பிள்ளையும் விளையாடலாம்” என்று விளக்கியிருந்தது. அது தவறு. அந்த ஐரோப்பிய முத்திரை சொல்வதெல்லாம், மூன்று வயதுப் பிள்ளை பார்க்கக்கூடாத வன்முறை, கெட்ட வார்த்தை போன்றவை உள்ளே இல்லை என்பதுதான். விளையாடுவது எளிதா, கடினமா என்று அது சொல்வதே இல்லை. சதுரங்கத்துக்கும் அதே முத்திரை போடலாம்.

மெட்டாகிரிட்டிக் புள்ளியை மேற்கோள் காட்டும்போதும் கவனம் தேவை. மெட்டாகிரிட்டிக் என்பது விமர்சனங்களைத் தொகுக்கும் இணையத்தளம், அதன் புள்ளி பல விமர்சனங்களின் சராசரி. கேம்களுக்கு 75 உம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழ் சிவப்பு. அந்தச் சராசரிக்குள் ஒரு பிள்ளையின் புள்ளிகூட இல்லை. 2003 இல் வந்த ‘ஸ்பொஞ்ச்பொப்: பட்டில் ஃபோர் பிகினி பொட்டம்’ கேமை விமர்சகர்கள் சுமார் ரகம் என்று ஒதுக்கினார்கள். அன்று அதை விளையாடிய பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அதை விடவில்லை. யார் வேகமாக முடிப்பது என்று போட்டியே நடத்தினார்கள். அவர்களுடைய அந்தப் பிரியத்தை நம்பித்தான் 2020 இல் அது புதுப்பித்து வெளியிடப்பட்டது. அப்போதும் விமர்சகர்கள் தந்தது நடுத்தரப் புள்ளியே, வாங்கி விளையாடியவர்கள் கொண்டாடினார்கள். விமர்சகர்கள் பொய் சொன்னார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தங்களுக்குப் பிடித்ததா என்பதை நேர்மையாக எழுதினார்கள், அவ்வளவுதான்.

மொழிக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்கு டோராவும் ஜாக்கி சானும் சொந்தப் பிள்ளைகளானது சுட்டி டிவியில் அவர்கள் தமிழ் பேசியதால். ப்ளூயி கேமில் தமிழ் இல்லை. இருந்தும் அதிலுள்ள சிறு விளையாட்டுகள் மொழி இல்லாமலே புரிபவை. தரை முழுவதும் நெருப்புக் குழம்பு, தரையில் கால் வைக்காமல் பொருளுக்குப் பொருள் தாவிப் போகவேண்டும் என்பது ஒன்று. லயத்து இஸ்தோப்பில் (தோட்டக் குடியிருப்பின் முன் விறாந்தையில்) கல்லா மண்ணா விளையாடும் பிள்ளைக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. பலூனைக் கீழே விழவிடாமல் தட்டிக்கொண்டே இருப்பது இன்னொன்று. மாறாக, அடுத்து எங்கே போகவேண்டும் என்று கதைப் பகுதியில் வரும் ஆங்கிலப் பேச்சை, பக்கத்தில் ஒரு அக்காவோ அண்ணாவோ இருந்து சொல்லித்தரவேண்டும். எது தானாக விளங்கும், எதற்குத் துணை வேண்டும் என்று பிரித்து எழுதினால் வாசகருக்குப் பயன்.

எங்களை எழுதத் தூண்டிய காரணம் இனித்தான் வருகிறது. இந்தக் கேம் எந்தக் கருவியில் ஓடும் என்று குறிப்பில் இல்லை. இது சுவிட்ச், ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ், கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கானது, போனுக்கானது அல்ல. தோட்டப்புறங்களில் பெரும்பாலான பிள்ளைகள் கையில் கிடைப்பது வீட்டில் இருக்கும் ஒரே அண்ட்ராய்ட் போன். பத்திரிகையில் பெயரைப் பார்த்த பிள்ளை பிளே ஸ்டோரில் தேடும். 2023 இல் பட்ஜ் ஸ்டூடியோஸ் வெளியிட்ட ‘ப்ளூயி: லெட்ஸ் பிளே!’ வரும். அது வேறு கேம். கொஞ்சம் இலவசம், மீதிக்குச் சந்தா. அதற்குக் கீழே நாய்க்குட்டிப் படத்தோடு, விளம்பரம் நிறைந்த போலிகள் வரும். அதிலும் கிடைக்காவிட்டால் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே போனில் கேமை ஏற்றும் கோப்பு. அதை இறக்கினால், அப்பாவின் வங்கிக் குறுஞ்செய்திகள் வரும் அதே போனுக்குள் முன்பின் தெரியாத ஒன்றை அனுமதித்த மாதிரி.

பெற்றோர் பார்க்கவேண்டியது கேமின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள நிறுவனப் பெயர். அதற்குப் பக்கத்தில் விளம்பரம் உண்டு, உள்ளே வாங்குவது உண்டு என்ற வரிகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். இறக்குமுன் பிளே ஸ்டோர் செட்டிங்ஸில், ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றவேண்டும். இறக்கிய பின் டேட்டாவை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்கவேண்டும். டேட்டா இல்லாமல் திறக்காத கேம், சிக்னல் மலைக்கு ஒன்றும் பள்ளத்துக்கு ஒன்றுமாக இருக்கும் இடத்தில் உதவாது. ரீலோட் காசையும் தின்றுவிடும்.

பிள்ளைக்குப் பொருந்துமா என்று அறிய வேறொரு வழியும் உண்டு, செலவே இல்லை. கேமைத் தொடக்கத்திலிருந்து பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள். எத்தனை தடவை “இது என்ன?” என்று முகத்தைப் பார்க்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு, மூன்று என்றால் பரவாயில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் அந்தக் கேம் அந்த வயதுக்கு இல்லை, எந்த முத்திரை இருந்தாலும். இரண்டாவது பிள்ளை நடுவில் சேரலாமா, அல்லது முதலிலிருந்து தொடங்கவேண்டுமா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் சண்டை தொடங்குவது அந்த இடத்தில்தான்.

சிறுவர் பக்கத்தில் கேம் குறிப்பு எழுதுபவர் எட்டு வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும். பிள்ளையின் வயதைப் போடுங்கள். ரூபாவில் விலையைப் போடுங்கள். எந்தக் கருவியில் ஓடும் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். வெளிநாட்டுப் புள்ளியைக் கடைசியில் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சிலர்,
ஹட்டன்.