குப்பன் என்ற பெயர் யாருக்கு இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வீட்டு வாடகை உயர்வு பற்றி வந்த கட்டுரையில், "குப்பனும் சுப்பனும் எங்கே போவார்கள்?" என்று ஒரு வரி இருந்தது. ஏழைகள் பக்கம் நின்று எழுதிய கட்டுரை, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் என் இனிஷியலில் உள்ள 'கு' குப்பன். என் அப்பா. அந்த வரியை என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை.

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பார்க்கிறேன். சாதாரண மனிதர் என்றாலே குப்பன், சுப்பன் என்கிறோமே, நிஜத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று என் வாக்குச்சாவடியின் வாக்காளர் பட்டியலை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விரல் வைத்துப் பார்த்தேன். வாக்காளர்களில் குப்பன் ஒரே ஒருவர், வயது 81. சுப்பன் ஒருவர்கூட இல்லை. குப்பம்மாள் நான்கு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். பக்கத்துக்குப் பக்கம் வருவது மணிகண்டன்தான். அப்புறம் விக்னேஷ், சதீஷ், தினேஷ். குப்பன்கள் எல்லாம் 'தந்தை பெயர்' என்ற இடத்தில் இருக்கிறார்கள். என் வகுப்பு வருகைப் பதிவேட்டிலோ கவின், தர்ஷன், யாழினி, ரித்திகா.

இங்கிலாந்தில் இதே பொருளில் டாம், டிக், ஹாரி என்பார்கள். ஹாரியாவது அங்கே 2011, 2012 இரண்டு வருடமும் ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடத்தில் இருந்தது. என் பதிவேட்டில் குப்பன் என்று ஒரு பிள்ளைகூட இல்லை.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக அப்பா பிறந்ததும், மருத்துவச்சி பிள்ளையை முறத்தில் வைத்துக் கொண்டுபோய் எருக்குழி ஓரம் குப்பையில் கிடத்தினாளாம். எதிர்வீட்டு அம்மா, "யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்க" என்று தூக்கிக்கொள்ள, எங்கள் ஆயா ஒரு படி தவிடு கொடுத்துத் தன் பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டாள். குப்பையில் கிடந்ததை எமன் சீண்டமாட்டான் என்ற நம்பிக்கை. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று இன்றைக்கும் பிள்ளைகளைச் சீண்டுகிறோமே, அது எங்கள் வீட்டில் நிஜமாகவே நடந்தது. மூக்கு குத்தி மூக்கன், மூக்காயி என்று வைத்ததும் இதே பயத்தில்தான். இந்திக்காரர்கள் 'யாரோ எவரோ' என்பதற்கு 'ஐரா கைரா நத்தூ கைரா' என்பார்கள். அந்த நத்தூவும் மூக்குத்தி போட்டுக் காப்பாற்றிய பிள்ளையின் பெயர்தான் என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. ஒரே பெயர் ஊருக்குள் குப்புசாமி, காலனிக்குள் குப்பன். 'சாமி' சேர்த்துக் கூப்பிட அந்தக் காலத்தில் விட்டதில்லை. இன்று எழுதுகிறவர்களுக்கும் சாதாரண மனிதர் என்றதும் அந்த வெட்டுப்பட்ட பெயர்தான் கைக்கு வருகிறது. குப்புசாமியும் சுப்பிரமணியனும் எங்கே போவார்கள் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சான்றிதழுக்காக அப்பாவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். விண்ணப்பத்தைப் பார்த்தவர், "நிஜமாவே குப்பனா? இந்தப் பேர்ல ஆள் இருக்கா?" என்று பக்கத்து மேசைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து, வேர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தாத்தா பெயரைச் சுமப்பவன் என்பதால்தான் பேரன் என்கிறோம். என் தம்பி தன் மகனுக்குக் குகன் என்று வைத்தான். முதலெழுத்தையாவது காப்பாற்றலாம் என்றான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். பெயர் குறைவதிலும் எனக்கு வருத்தமில்லை. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால், ஒரு வயதுக்குள் இறப்பது 13. ஆயா காலத்தில் ஒரே வீட்டில் இரண்டு போனது. பிள்ளையை எமனிடமிருந்து ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் குறையக் குறைய, அந்தப் பெயரும் குறைந்துவிட்டது. நல்லதுதான்.

சரி, பெயர் போகட்டும். இருக்கிற சிலரையும் போய்ச் சேர்ந்தவர்களையும் 'யாரோ ஒருத்தன்' ஆக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். சாதாரண மக்கள் என்று எழுதலாம், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் என்று எழுதலாம். பெயர்தான் வேண்டும் என்றால் என் பட்டியலில் மணிகண்டன்கள் நிறைய இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கு. மல்லிகா,
திண்டிவனம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.