எண்டோவையும் எழுதியிருக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொலஸ்ட்ரால் மாத்திரைகள் பற்றிய கட்டுரை தெளிவாக இருந்தது. ஆனால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்துகளுக்கு வழிதிறந்த ஜப்பானியர் அகிரா எண்டோவின் பெயரே அதில் இல்லாதது பெரிய குறை.

சாங்க்யோ மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், சுமார் 6,000 பூஞ்சை வகைகளைச் சோதித்து 1973-இல் அவற்றில் ஒன்றிலிருந்து காம்பாக்டின் என்ற முதல் ஸ்டாட்டினைக் கண்டறிந்தார். அந்தப் பூஞ்சை கிடைத்தது கியோட்டோ தானியக் கடை ஒன்றின் அரிசியில்! நாமாக இருந்தால் பூசணம் பிடித்துவிட்டது என்று கொட்டியிருப்போம். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியைக் காம்பாக்டின் தடுத்தது. சரி, எலிகளுக்குக் கொடுத்தால் பலனே இல்லை. ஆராய்ச்சியை அத்தோடு மூட்டை கட்டியிருக்கலாம். முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மளமளவென்று இறங்கியது. முட்டையில்தான் கொலஸ்ட்ரால் ஏராளமாயிற்றே, நல்ல யோசனை!

கடைசியில் 1987-இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது மெர்க் நிறுவனத்தின் லோவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டின். எண்டோவுக்கு 2008-இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் விருது கிடைத்தது. நோபல் கிடைக்காமலே 2024-இல் தமது 90-ஆவது வயதில் காலமானார். எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. அவரைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்களேன்.

– ஒரு வாசகர், கும்பகோணம்