உயிர் பிழைத்தவர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு: சுகாதார அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக சுகாதாரப் பேரவையின் உறுப்பு நாட்டு அமைச்சர்களே, வணக்கம்.

இழந்த நடையையும் பேச்சையும் பயிற்சியால் மீட்கும் மறுவாழ்வுச் சிகிச்சையை ஒவ்வொரு நாட்டின் சுகாதாரக் கட்டமைப்பிலும் வலுப்படுத்த வேண்டும் என்று 2023 மே மாதம் உங்கள் பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஆனாலும் பக்கவாதம் வந்தவர் மீண்டும் எழுந்து நடப்பாரா என்பது, இன்னமும் அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

ஜப்பானில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்றே தனி வார்டுகள் 2000ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றன. பக்கவாத நோயாளி 150 நாள் வரை, பாதிப்பு கடுமையானால் 180 நாள் வரை, காப்பீட்டிலேயே அங்கு தங்கி நாளுக்கு மூன்று மணி நேரம் வரை பயிற்சி பெறலாம். மறுபுறம், வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகள் சிலவற்றில் பத்து லட்சம் பேருக்குப் பத்து மறுவாழ்வுப் பயிற்சியாளர்கள்கூட இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

அங்கெல்லாம் மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். செயலிழந்த கையைப் பிடித்தே வீட்டார் தூக்கி உட்கார வைக்கிறார்கள். தோள்மூட்டு நழுவி, தீராத வலி வருகிறது. விழுங்க முடிகிறதா என்று யாரும் சோதிக்காததால், வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகிறது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகுகின்றன. நகம் வெட்டக்கூட விரிக்க முடியாது. பேச்சு போனவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று எண்ணி, அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். பல வேளைகளில் அவருக்கு அது புரிகிறது. இவற்றில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

குடும்பத்தாருக்கே கற்றுக்கொடுத்துவிட்டால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில், 1,250 நோயாளிகளிடம் அதைச் சோதித்தே பார்த்தார்கள். 2017இல் முடிவு வெளியானது: ஆறு மாதம் கழித்து, இறந்தவர்கள் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்பவர்களின் விகிதம் குறைந்திருக்கவில்லை. குடும்பங்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. தேர்ந்த பயிற்சியாளர் செய்ய வேண்டியதை அவர்கள் தலையில் கட்டக் கூடாது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆகவே, பெருநகரங்களுக்கு வெளியே உள்ள அரசு மருத்துவமனைகளிலும் இயன்முறை, பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்குங்கள். முதல் சில மாதங்களில்தான் மூளை வேகமாகத் தேறுகிறது. அந்த மாதங்களின் பயிற்சிச் செலவையும் போக்குவரத்துச் செலவையும் காப்பீடு ஏற்கட்டும். பக்கவாதத்துக்குப் பின் எத்தனை பேருக்குப் பயிற்சி கிடைத்தது, எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்பதை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கை மட்டும் எங்களுக்குப் போதாது.

இப்படிக்கு,
பக்கவாதத்தோடு வாழும் ஒருவரின் மகள்