யார் காசு என்று சொன்னால் போதும்

ஆசிரியருக்கு,

வெளிநாட்டுப் பணம் பெறும் அமைப்புகளுக்குப் புதுச் சட்டம் என்ற பேச்சு எழுந்தாலே மட்டக்களப்பில் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. சுனாமிக்குப் பின் உப்பேறிய கிணறுகளை இறைத்தது முதல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருக்குத் துணை நிற்பது வரை, இங்கே எத்தனையோ வேலை அந்தப் பணத்தில்தான் நடந்தது.

அமெரிக்காவில் 1938 முதல் ஒரு சட்டம் உண்டு. பிறநாட்டு அரசுக்காக அரசியல் வேலை பார்ப்பவர் நீதித் திணைக்களத்தில் பதிந்து, ஆறு மாதத்துக்கொரு முறை கணக்குக் காட்ட வேண்டும். அதை எவரும் பார்க்கலாம். சரி, நியாயம்தான். 2012இல் ரஷ்யா கொண்டுவந்ததோ வேறு கதை: ‘வெளிநாட்டு முகவர்’ என்று முத்திரை குத்தியே மனித உரிமை அமைப்புகளை முடக்கினார்கள். நம்மவர்கள் எதைப் பார்த்து எழுதப்போகிறார்களோ!

இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே, வெளிநாட்டு அரசின் நிதியில் பெரும்பாலும் இயங்கி மக்களுக்குச் சேவை செய்யும் தொண்டு நிறுவனங்களையும் அச்சேவை குறித்துப் பதில் சொல்ல வைக்கிறது. முதலில் அதைப் பயன்படுத்தலாமே. அப்புறம், கொழும்பில் அமைச்சர்மாரைச் சந்தித்து வரிச்சலுகை கேட்கும் வர்த்தகக் குழுக்களும் யாருக்காகப் பேசுகிறோம் என்று எழுதிக் கொடுக்கட்டும். கிராமத்து மாதர் சங்கத்தின் காசுப் புத்தகத்தை மட்டும் புரட்ட வேண்டாம்.

வாசகர்,
களுவாஞ்சிக்குடி